செவிப்பாம்பு காதுக்குள் போகுமா?

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்தால் போதும். குளியலறை ஜலதாரை ஓரத்தில், துணி துவைக்கிற கல்லுக்கு அடியில், பூந்தொட்டிகளின் இடுக்கில், கறுப்பு நூல் ஒன்று நெளிந்து நெளிந்து போகும். புழுதானே என்று விளக்குமாற்றால் தள்ளப் போனால், அது மண்புழு மாதிரி மெத்தென்று சுருண்டு கிடக்காது. விலுக்கென்று துள்ளி, எண்ணெய் தடவியது போல் மினுங்கிக்கொண்டு, ஏதாவது ஒரு சந்தில் தலையைக் கொடுத்து மறைந்துவிடும். பார்த்தவர்கள் "ஐயோ, செவிப்பாம்பு!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அன்று ராத்திரி அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது.

நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டு எருக்குழியில் எரு அள்ளும்போது கூடைக்கு ஒன்றிரண்டாவது இது இருக்கும். "புழுப்பாம்பும்மா, அது பாட்டுக்குப் போகட்டும், விடு" என்பார் அப்பா. அவ்வளவுதான் அதற்கு நாங்கள் கொடுத்த மரியாதை. கல்யாணமாகி மயிலாடுதுறைக்கு வந்த பிறகுதான் அதே பிராணிக்குச் 'செவிப்பாம்பு' என்று பெயர் இருப்பதும், அது தூங்குகிறவர்களின் காதுக்குள் புகுந்து மூளைக்குப் போய்விடும் என்று ஒரு கதை இருப்பதும் தெரிந்தது. எங்கள் தெருவில் மழைக்காலத்தில் குழந்தைகளின் காதில் பஞ்சு அடைத்துப் படுக்க வைக்கிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். பஞ்சு அடைப்பதோடு நின்றால் எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. விஷயம் அதோடு நிற்பதில்லை என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாசம். எதிர் வீட்டுப் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்து, குழந்தைக்கு மூன்று மாதம் நிறையப் போகிற சமயம். குழந்தைக்கு நாலு நாளாகச் சளி. அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அழ ஆரம்பித்தது, நிறுத்தவே இல்லை. மார்பில் போட்டால் இரண்டு வாய் உறிஞ்சும், உடனே வீரிட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தலையை இப்படியும் அப்படியும் புரட்டிற்று. அந்த நேரம் பார்த்துப் பாய்க்கு ஓரமாக ஒரு புழுப்பாம்பு போயிருக்கிறது. பெண்ணின் அப்பா செருப்பால் அடித்துவிட்டார். அதற்குள் யாரோ கேட்டார்கள், "ஒண்ணு இங்க கிடக்குன்னா, அதோட ஜோடி எங்க?" என்று.

அந்த ஒரு கேள்வி போதாதா? சத்தம் கேட்டு நான் போனபோது, பெரியம்மா (பெண்ணின் பாட்டி, தெருவில் எல்லோருக்கும் அவர் பெரியம்மாதான்) நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிக் கரண்டியோடு கொண்டுவந்துவிட்டார். இன்னொரு அம்மாள், எண்ணெய்க்கு அசையாது, மண்ணெண்ணெய்தான் வேண்டும் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். பெற்றவள் குழந்தையை மடியில் ஒருக்களித்துப் போட்டுக்கொண்டு நடுங்குகிறாள். என்னைப் பார்த்ததும், "சித்தி, நீங்களாவது சொல்லுங்களேன்" என்றாள்.

"பெரியம்மா, ஒரே ஒரு நிமிஷம்" என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னடியம்மா நிமிஷம்? உள்ள போய்க் கொடையுது, புள்ள துடிக்குது. நான் ஒம்பது பெத்தவ."

"நீங்க சொல்றபடியே உள்ள இருக்குன்னு வெச்சுக்குவோம். டாக்டர் லைட் அடிச்சுப் பார்த்து இடுக்கியால எடுத்துடுவார். இல்லாம இருந்துச்சுன்னா? இல்லாத ஒண்ணுக்குக் கொதிக்கிற எண்ணெயை ஊத்திட்டு, அப்புறம் வெந்துபோன காதை யாரு சரி பண்றது?"

பெரியம்மா பதில் சொல்லவில்லை. கரண்டியைக் கீழே வைக்கவும் இல்லை. பெண்ணின் அப்பாதான் சட்டென்று சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ கூப்பிடப் போனார். காது மூக்குத் தொண்டை டாக்டர் ஒருவர் பத்து நிமிஷ தூரத்தில் இருந்தார். வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பினோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சின்னக் குழல் ஒன்றை வைத்து இரண்டு காதையும் பார்த்தார். பாம்பும் இல்லை, பூச்சியும் இல்லை. வலது காதின் ஜவ்வு நெருப்பாய்ச் சிவந்திருந்தது. சளிதான் காரணம்.

டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டே காட்டினார். தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி அது. காதின் துவாரம் உள்ளே போய்ச் செவிப்பறை என்கிற ஜவ்வில் முடிந்துவிடுகிறது. முட்டுச் சந்து மாதிரி. அதைத் தாண்டி மூளைக்குப் போக வழி கிடையாது. ஆனால் அந்த ஜவ்வுக்கு உட்புறத்திலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. பெரியவர்களுக்கு அது நீளமாகச் சரிந்து இருக்கும். கைக்குழந்தைகளுக்கோ குட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டத்தில் இருப்பதால், மூக்குச் சளியின் கிருமி சுலபமாகக் காதுக்குப் போய்ச் சேருகிறது. உறிஞ்சி விழுங்கும்போது வலி கூடுவதால்தான் குழந்தை பால் குடிக்காமல் வீரிடுகிறது. குழந்தைக்குத் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துப் பால் கொடுங்கள், மல்லாக்கப் படுக்கவைத்துப் புட்டிப்பால் கொடுக்காதீர்கள் என்றார். எண்ணெய் விஷயத்தைச் சொன்னதும்தான் முகம் மாறிற்று. சூடான எண்ணெய் ஜவ்வையே பொசுக்கிவிடும், ஜவ்வில் ஏற்கனவே ஓட்டை விழுந்திருந்தால் உள்காதுவரை போய்ச் சேரும் என்றார். மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் குழந்தை சிரித்துக்கொண்டு கிடந்தது.

ஆனாலும் தெருவில் பேச்சு ஓயவில்லை. "இந்தப் புள்ளைக்கு இல்ல, சரி. வேற புள்ளைக்குப் போகாதுன்னு என்ன நிச்சயம்?" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியாராக இருக்கிற என் தம்பி அந்த வாரம் வந்திருந்தான். அவனைச் சும்மா விடவில்லை நான். தொட்டியடியில் அகப்பட்ட ஒன்றைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஈர மண்ணோடு போட்டு, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, காப்பி ஆறுகிறவரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியம்மாவும் தள்ளி நின்று பார்த்தார்.

புழுப்பாம்பு வளர்ந்தாலும் ஒரு சாணைத் தாண்டுவதில்லை. பெரும்பாலும் அதிலும் பாதிக்குக் கொஞ்சம் கூட இருக்கும். கனம் பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபில் அளவு. கறுப்பு அல்லது காப்பிப்பொடி நிறம். சட்டை உரிக்கப் போகிற சமயத்தில் சாம்பல் பூத்த நீலமாக இருக்கும். மண்புழு உடம்பில் வளையம் வளையமாக இருக்குமே, அது இதில் கிடையாது. உடம்பு முழுக்க வழவழப்பான பொடிச் செதில்கள், முதுகிலும் வயிற்றிலும் ஒரே மாதிரி. மற்றப் பாம்புகளுக்கு வயிற்றுப் பக்கம் அகலப் பட்டையாகச் செதில் இருக்கும். இதற்கு மண்ணுக்குள்ளேயே வாசம் என்பதால் சுற்றிலும் ஒரே அமைப்பு. கண் என்பது செதிலுக்கு அடியில் இரண்டு கறுப்புப் புள்ளி. வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரியுமே தவிர உருவம் எதுவும் தெரியாது. ஆங்கிலத்திலும் குருட்டுப் பாம்பு என்றுதான் பெயர். வாய் மூக்குக்கு அடியில் உள்ளடங்கி இருக்கிறது. பூதக்கண்ணாடியில் அந்த வாயிலிருந்து ஒரு நூலிழை நாக்கு வெளியே வந்து வந்து போனதைப் பார்த்த பிறகுதான் பெரியம்மா, "பாம்புதான்டி!" என்று ஒப்புக்கொண்டார். அதுவரை அவருக்கு அது ஒருவகைப் பூச்சி.

வால் எது, தலை எது என்று குழப்பம் வருவது இயற்கை. இரண்டும் மழுங்கலாக, ஒரே கனத்தில் இருக்கின்றன. வால் நுனியில் சின்னதாய் ஒரு முள். பிடித்தால் அந்த முள்ளை நம் விரலில் அழுத்தும். கொட்டுகிறது என்று நாம் கையை உதறுவோம். அது கொட்டுவது இல்லை, மண்ணில் ஊன்றித் தள்ளிக்கொண்டு போவதற்கு வைத்திருக்கிற முளை. அதில் விஷமும் கிடையாது. ரொம்பத் தொந்தரவு செய்தால் ஒரு கெட்ட வாடையை விடும், அவ்வளவுதான் அதன் ஆயுதம். கடித்தால்தானே என்கிறீர்களா? நம்மைக் கடிக்க அதன் வாய் திறக்கவே திறக்காது. கீழ்த்தாடையில் பல்லே இல்லை. மேல்தாடையில் மட்டும் பொடிப் பற்கள். அவற்றை வேகவேகமாக முன்னும் பின்னும் ஆட்டி இரையை வாரி உள்ளே தள்ளிக்கொள்ளும்.

என்ன இரை? அதுதான் நமக்கு முக்கியம். எறும்பின் முட்டை, எறும்புப் புழு, கூட்டுப்புழு, கரையான் இவைதான். நம் வீட்டு நிலைக்கதவையும் பீரோவுக்குப் பின்னால் அடுக்கின புத்தகத்தையும் அரிக்கிற கரையானை இது கூட்டுக்குள்ளேயே போய்த் தின்கிறது. 2015-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையை எழுதியிருப்பதாகத் தம்பி சொன்னான். கரையானைப் பின்பக்கமாகப் பிடித்து விழுங்கிக்கொண்டே வந்து, தலை மட்டும் வெளியே இருக்கும்போது தரையில் தேய்த்துத் தேய்த்து அதை ஒடித்துப் போட்டுவிடுமாம், தலை சரியாக ஜீரணமாவதில்லை என்பதால். நாம் நெத்திலி மீனுக்குத் தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டுக் குழம்பு வைப்பதில்லையா?

இப்போது சொல்லுங்கள். கண் தெரியாமல், வெளிச்சத்துக்குப் பயந்து, ஈர மண்ணில் எறும்புப் புற்றைத் தேடிப் போகிற ஜீவனுக்கு நம் காதில் என்ன வேலை? மண்ணுக்குள் மழைத்தண்ணீர் நிரம்பி மூச்சுத் திணறும்போதுதான் அது மேலே வருகிறது. சுவர்ச் சந்தில் எறும்பு கூடு கட்டியிருந்தால் அதன் பின்னாலும் வரும். பாயருகே வந்ததும் அதனால்தான். காய்ந்த சிமெண்டுத் தரை அதற்கு ஆகவே ஆகாது. காதுக்குள் எறும்பும் சின்ன வண்டும் போவது உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அப்படி ஏதாவது சந்தேகம் வந்தாலும் கைக்குழந்தைக்கு நாமாக எதையும் ஊற்றாமல், ஊக்கு, ஹேர்பின் விட்டுக் குடையாமல், டாக்டரிடம் போவதுதான் சரி.

ஜோடி எங்கே என்று கேட்டார்களே, அதற்குத் தம்பி சொன்ன பதிலைக் கேட்டு வீடே வாயைப் பிளந்தது. இந்தப் பாம்புக்கு ஜோடியே கிடையாது! இந்த இனத்தில் இதுவரை சோதித்துப் பார்த்ததில் எல்லாமே பெண். ஆண் இல்லாமலே முட்டையிடும். ஒரு தடவைக்கு இரண்டிலிருந்து ஆறு வரை, நெற்பொரி மாதிரி இருக்கும். அதிலிருந்து வருவதும் பெண்தான், அம்மாவின் அச்சு அசல். நமக்கெல்லாம் குரோமோசோம் அம்மாவிடமிருந்து ஒரு பங்கு, அப்பாவிடமிருந்து ஒரு பங்கு. இதற்கு மூன்று பங்கு. 1980-களில் விஞ்ஞானிகள் இதையெல்லாம் பரிசோதித்து நிரூபித்திருக்கிறார்கள். பாம்புகளில் எப்போதுமே இப்படி ஆண் துணையின்றி வம்சம் வளர்க்கிற இனம் என்று தெரிந்திருப்பது இது ஒன்றுதானாம்.

"அப்ப மாமியார் கிடையாது, நாத்தனார் கிடையாதுன்னு சொல்லு" என்றார் பெரியம்மா. அவருடைய மருமகள் அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

ஆண் தேவையில்லை என்பதால் தொட்டி மண்ணில் ஒரே ஒரு பாம்போ ஒரே ஒரு முட்டையோ போனால்கூடப் போன ஊரில் குடித்தனம் தொடங்கிவிடும். அப்படித்தான் நம் பக்கத்துப் பிராணி பூச்செடிகளோடு கப்பலேறி, அமெரிக்காவின் புளோரிடா, மெக்ஸிகோ, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஹவாய் தீவுகளில் இயற்கையாக நிலத்துப் பாம்பே கிடையாது. அங்கேயும் இது 1930 வாக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் இதற்குப் 'பூந்தொட்டிப் பாம்பு' என்றே ஒரு பெயர் உண்டு. முதன்முதலில் விசாகப்பட்டினத்துப் பாம்பைப் பார்த்துத்தான் பாட்ரிக் ரஸ்ஸல் என்கிற வெள்ளைக்கார வைத்தியர் 1796-ல் தம் புத்தகத்தில் படத்தோடு எழுதினார். அந்த ஊரில் தெலுங்கில் 'இரண்டு தலைப் பாம்பு' என்று சொன்னதையே பெயராகக் குறித்திருக்கிறார்.

இன்னொன்று. 2013-ல் வெளியான ஒரு குறிப்பில், கிழக்குத் திமோரில் ஒரு தேரை விழுங்கிய புழுப்பாம்பு, அதன் குடல் முழுவதையும் கடந்து பின்வழியாக உயிரோடு வெளியே வந்ததாக இருக்கிறது. பிழைக்கத் தெரிந்த ஜீவன்!

இரண்டு தலை என்றதும் மண்ணுளிப் பாம்பின் ஞாபகம் வரும். அது வேறு, புழுப்பாம்பைவிட எத்தனையோ மடங்கு தடிமன், இரண்டடிக்கு மேலும் வளரும். மண்ணுளி நக்கினால் குஷ்டம் வரும் என்பதும், ஆறு மாசம் ஒரு பக்கம் தலை, ஆறு மாசம் மறுபக்கம் தலை என்பதும் வெறும் பேச்சு. குஷ்டம் கிருமியால் வருகிற வியாதி, மாத்திரையில் குணமாகிறது. மண்ணுளியை லட்சக்கணக்கில் விற்றுத் தருகிறேன் என்று ஏமாற்றுகிற கூட்டமும் இருக்கிறது. 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடிப்பது, விற்பது எல்லாம் குற்றம். பணத்தோடு போலீஸும் வந்து சேரும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். தரையில் படுக்கப் பயப்படுவது நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் பயம் கட்டுவிரியனுக்கு. ராத்திரியில் வீட்டுக்குள் வந்து, பாயில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்திலேயே கடிக்கிற பாம்பு அது. கடிவாயில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்பார்கள், இமை தானாகச் சொக்கும், பேச்சுக் குழறும். அஜீரணம் என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். கடித்த இடத்தைக் கீறுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். ஆளை அசையவிடாமல், 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு ஊசி இருக்கிற அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். (அந்த ஊசி மருந்து தயாரிக்க வேண்டிய விஷத்தை, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார்தான் பாம்பைப் பிடித்து எடுத்துக் கொடுக்கிறார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.) கட்டில் இல்லாத வீட்டில், மழைக்காலத்துக்காவது கொசுவலையைக் கட்டி, நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுப்பது நல்ல காவல்.

குட்டிப் பாம்பா, புழுப்பாம்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டுவிரியன் குட்டி முட்டையிலிருந்து வரும்போதே ஒரு சாணுக்கு மேல் இருக்கும், கறுப்பு உடம்பில் வெள்ளைக் கட்டுகள் தெரியும். சுருட்டை விரியன் குட்டி நீளத்தில் சின்னதுதான். ஆனால் உடம்பில் சித்திரம் போட்டது போல் இருக்கும், தலை கழுத்திலிருந்து அகன்று தனியாகத் தெரியும். புழுப்பாம்புக்குக் கோடு, புள்ளி, பட்டை எதுவும் கிடையாது, கழுத்தும் கிடையாது. இதில் ஒன்று பொருந்தாவிட்டாலும் கிட்டே போகாதீர்கள். விவரம் தெரியாத குழந்தைகளை எதையுமே கையால் எடுக்கப் பழக்கக் கூடாது, புழுப்பாம்பு உட்பட.

வீட்டுக்குள் வராமலிருக்க நான் செய்வது சொற்பம். ஜலதாரைக்குப் பொடிக் கண்ணுள்ள வலைத் தகடு போட்டிருக்கிறேன். குளியலறைச் சுவரும் தரையும் சேருகிற இடத்தில் விரிசல் கண்டால் சிமெண்டுக் கலவை பூசிவிடுகிறோம். ஈரச் சாக்கு, சாணி, தேங்காய் மட்டை எதையும் கொல்லைக் கதவை ஒட்டிக் குவிப்பதில்லை. எறும்புக் கூடு இருந்தால் அதைத்தான் முதலில் ஒழிக்கிறேன். அப்படியும் ஒன்று வந்தால் ஒரு முறத்தில் தள்ளி, எலுமிச்சை மரத்தடி மண்ணில் விட்டுவிடுகிறேன். உப்பு, பினாயில், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டியதில்லை. மண்ணெண்ணெயைக் கொட்டினால் நம் கொல்லை மண்தான் கெடும்.

போன தை மாசம் நாத்தனார் திருச்சியில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். அடுக்குச் செம்பருத்தி ஒன்று தொட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து நாளில் போன். "அண்ணி, நீங்க குடுத்த தொட்டியில பாம்பு!" என்றாள். எவ்வளவு நீளம் என்றேன், விரல் நீளம் என்றாள். கோடு, புள்ளி ஏதாவது உண்டா என்றேன், இல்லை என்றாள். "செடி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். மூன்று மொட்டு விட்டிருக்கிறதாம்.